ஐந்தாம் துளை

அறிக்கையில் எழுதியிருந்தபடியே மண் வந்தது. அதுதான் முதல் கோளாறு.

பள்ளம் தோண்டும் மெஷின்காரர் போனில் இதைச் சொன்னபோது குரலில் பாராட்டு வழிந்தது. "மண் சார், கிழக்கு மூலைல மூணு மீட்டர்ல கிளிஞ்சல் வரும்னு போட்டிருந்தீங்களே, டேப் வெச்சு அளந்து பார்த்தேன். கரெக்டா மூணு மீட்டர்ல வந்துருச்சு. உங்க கண்ணு என்ன எக்ஸ்ரேயா சார்?"

மண் சார் என்று சைட் முழுக்க அழைக்கப்பட்ட அந்த மண் பரிசோதனை இன்ஜினியர் சிரிக்க முயன்று இருமினார். இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய அறிக்கை ஒன்று இவ்வளவு துல்லியமாகப் பலித்ததில்லை. தவிர, கிழக்கு மூலையில் அவர் துளையே போடவில்லை.

அஸ்திவாரத்துக்குத் தோண்டும் முன் நிலத்தில் ஐந்து இடத்தில் துளையிட்டு, எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதித் தரவேண்டும். நான்கு முடிந்தது. ஐந்தாவது துளைக்குக் குறித்த இடத்தில் வீடு வாங்க வருபவர்களுக்குக் காட்டும் மாதிரி வீடு நின்றது. அதன் முன்னே புல்தரை. துளையிடும் வண்டி ஏறினால் புல் நாசமாகிவிடும் என்று புராஜெக்ட் மேனேஜர் குறுக்கே நின்றார். அது பிளாஸ்டிக் புல். ஆனாலும் கம்பெனி சேர்மன் தன் கையால் விரித்துத் தொடங்கி வைத்த பிளாஸ்டிக். அதன் பின்னால் 'பூமியின் மொழி அறிந்தவர்கள் நாங்கள்' என்று இருபது அடிப் பலகை. பூமியிடம் ஐந்தாவது கேள்வி கேட்க மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து, ஆறு வருடத்துக்கு முந்தைய வேறொரு ஊர் அறிக்கையிலிருந்து ஒரு துளையின் அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டினார். தேதியை மாற்றினார். இடத்தை மாற்றினார். 'பள்ளத்தின் பக்கச் சுவருக்குத் தாங்கு தேவையில்லை' என்ற கடைசி வரி வரைக்கும் ஒட்டிவிட்டார். சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "சாப்பிட வாங்க. மண்ணு எங்கயும் ஓடிடாது."

ஓடாது என்றுதான் அவரும் நினைத்தார்.

மெஷின்காரரின் போன் வந்த மறுநாள் சைட்டுக்குப் போய்ப் பார்த்தார். மாதிரி வீட்டைப் பிரித்து எடுத்துவிட்டிருந்தார்கள். அது நின்ற இடத்தில் பள்ளம். பழுப்புக் களிமண்ணுக்கு நடுவே வெள்ளைக் கோடாகக் கிளிஞ்சல் ஓடியது. பத்தடி மேற்கே, அவர் உண்மையிலேயே துளையிட்ட இடத்தில், கிளிஞ்சல் ஒரு துண்டுகூட இல்லை. கத்தியால் வெட்டியதுபோல் அது ஓரிடத்தில் நின்றிருந்தது. அங்கே இரண்டு மண்ணும் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி.

நாலரை மீட்டரில் சாம்பல் மணல் என்று எழுதியிருந்தார். நாலரை மீட்டரில் சாம்பல் மணல் வந்தது. ஆறு மீட்டரில் கறுப்புக் களிமண், மட்கிய மரத்துண்டுகளுடன். வந்தது. அந்தக் களிமண்ணை மெஷின் முதல் அள்ளு அள்ளியபோது, வெயில் காய்ந்துகொண்டிருந்த பள்ளத்துக்குள் ஒரு வாசனை எழுந்தது. ஊறிப்போன சாக்கும், துருவும், மூடிக் கிடந்த அறையின் மூச்சும் கலந்த வாசனை. அதற்கும் அடியில், மனிதக் கை படாத மண்ணில் இருக்கவே முடியாத வேறொன்று.

"சார், டீசல் வாசனை அடிக்குது," என்றார் மெஷின்காரர்.

"உங்க மெஷின் ஒழுகுது. பாருங்க."

"என் மெஷினா? புது மாப்பிள்ளை மாதிரி துடைச்சு வெச்சிருக்கேன் சார். இது மண்ணுக்குள்ளேர்ந்து வருது."

மண் சாருக்கு அந்த வாசனை தெரியும். ஆறு வருடத்துக்கு முன்பு அவர் அட்டவணை எடுத்த அந்தப் பழைய சைட்டில், பள்ளத்தின் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்க ஒரு டீசல் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். எல்லோரும் பம்ப்காரர் என்பார்கள். ஒரு நாள் மதியம் அவர் மேலே ஏறி வந்து, தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி கலங்கலா வருது சார்," என்றார். கலங்கலாக வந்தால் சுவருக்குப் பின்னால் மண் கரைகிறது என்று அர்த்தம். அது மண் சாருக்கும் தெரியும். ஆனால் ஒரு பம்ப்காரர் வந்து தனக்குச் சொல்வதா? நீரோட்டத்தைப் பற்றி அங்கேயே கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். பம்ப்காரர் மரியாதையாகக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அரை மணியில் சுவர் சரிந்தது.

அன்று சாயங்காலம் தட்டும் சத்தம் கேட்டது. மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பம்ப்பின் நீலக் குழாயில், கீழேயிருந்து ஏதோ இரும்பால் யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. தோண்டினால் பக்கத்துக் கட்டடமும் சாயலாம் என்றார்கள். பிறகு, மண் சார்தான் நிபுணர், அவர் சொல்லட்டும் என்றார்கள். நிபுணர் சொன்னார். 'மேற்படி ஒலி, சரிந்த மண் தன் எடையில் அமர்வதால் எழுவது. உயிருக்கு வாய்ப்பில்லை.' மைப் பேனாவால் கையெழுத்திட்டார். வேலிக்கு வெளியே நின்ற பம்ப்காரரின் மனைவியை யாரோ தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். இரண்டாம் நாள் லாரிகள் மண் கொட்டத் தொடங்கும்வரை சத்தம் கேட்டது.

தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

எடுத்து ஒட்டியது அந்தத் துளையைத்தான்.

அவர் மேனேஜரிடம் போனார். "கிழக்கு மூலைல ஒரு வாரம் வேலையை நிறுத்துங்க. இன்னொரு துளை போட்டுப் பார்த்துடறேன்."

"எதுக்கு சார்? உங்க ரிப்போர்ட் நூலு பிசகாம வருது. சேர்மன் மூணு மீட்டிங்ல அதைத்தான் பேசறாரு." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். உங்களுக்கு ஷீல்டு ரெடியாகுது. 'மண்ணின் மனசாட்சி'ன்னு போடச் சொல்லியிருக்காரு."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் துளை போடவில்லை, அந்தச் சுவரை நம்பாதீர்கள், கீழே வேலை செய்யும் ஏழு பேரை மேலே ஏற்றுங்கள் என்று. சொன்னால் லைசென்ஸ் போகும். பழைய அறிக்கையையும் எவனாவது தூசி தட்டி எடுப்பான். மண் சார் கையை நீட்டினார். ஷீல்டின் வாசகத்தை வாங்கி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தார்.

ஏழு மீட்டர் இருபதில் தண்ணீர் என்று எழுதியிருந்தது. ஏழு மீட்டர் இருபதில் தண்ணீர் ஊறியது.

கலங்கலாக.

ஒன்பதாவது மீட்டர், கடைசி மீட்டர், ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. நான்கு மணிக்கு சேர்மன் வந்து பச்சைப் பொத்தானை அழுத்துவார், கலவை லாரியிலிருந்து முதல் கான்கிரீட் பள்ளத்தில் இறங்கும் என்று ஏற்பாடு. பொத்தானுக்கும் லாரிக்கும் எந்த இணைப்பும் கிடையாது; அவர் அழுத்தியதும் டிரைவருக்கு ஒருவர் கை காட்டுவார். மூன்றரைக்கு மெஷின்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, மற்ற ஆட்களையும் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"உள்ள யாரோ தட்டறாங்க சார்."

"யார் தட்டறது? எல்லாரும் இங்கதானே நிக்கறீங்க?"

"அதனாலதான் சார் ஏறி வந்துட்டோம்."

மேனேஜரின் முகம் சுருங்கியது. வாசலில் சேர்மனின் கார் திரும்பும் ஓசை. "மண் சார், ஒரு எட்டு இறங்கிப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க."

வெள்ளை ஹெல்மெட்டை அணிந்து, வாக்கி டாக்கியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, இரும்புப் படிகளில் அவர் இறங்கினார். மேலே நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் முதல் பத்துப் படிகளை மிடுக்காக இறங்கினார். கிளிஞ்சல் கோடு தோளுக்கு நேராக வந்து மேலே போனது. சாம்பல் மணல் மேலே போனது. கறுப்புக் களிமண்ணில், சுவர் வியர்த்துக் கொண்டிருந்தது. விரலால் தொட்டபோது தோலைப்போல் லேசாக உள்ளே அமுங்கி, விரலை எடுத்ததும் மெல்லத் திரும்பி வந்தது. மேலே இருந்த பேச்சுச் சத்தமும், நாற்காலி இழுபடும் சத்தமும் ஒவ்வொரு படிக்கும் மங்கி, பள்ளத்தின் அடியில் கால் வைத்தபோது, வானம் ஒரு சாம்பல் நிறத் தட்டாக, யாரோ மூடப்போகும் மூடியைப் போல, தலைக்கு மேலே நின்றது.

தண்ணீர் சொட்டும் ஓசை. அவருடைய மூச்சு.

மூன்று தட்டு.

நிறுத்தம்.

மூன்று தட்டு.

கிழக்குச் சுவரின் அடியிலிருந்து. அவர் அங்கே போக விரும்பவில்லை. கால்கள் போயின. குனிந்து கையால் மண்ணை விலக்கினார். களிமண் பிசுபிசுவென்று வழிவிட்டது. நான்கு விரல் ஆழத்தில் இரும்பு தட்டுப்பட்டது. ஒரு குழாய். துடைத்தார். நீல நிறம். அதன் மேல் கையை வைத்தார்.

அடுத்த மூன்று தட்டும் அவருடைய உள்ளங்கைக்குள் கேட்டது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மண் சார், சேர்மன் வந்துட்டாரு. என்ன சத்தம் அது?"

அவர் குழாயைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். ஒன்பது மீட்டர் உயரத்தில், விளிம்பில், சின்னச் சின்னத் தலைகள். அவற்றுக்கு நடுவே யாரோ கண்ணாடி ஷீல்டைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அது வெளிச்சத்தில் ஒரு முறை மின்னியது.

வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினார். குரல் நன்றாகவே வந்தது. பழகிய வாக்கியம்.

"ஒண்ணும் இல்ல. மண்ணு உட்கார்ற சத்தம்தான். நான் ஏறி வந்ததும் ஊத்துங்க."

தட்டுவது நின்றது.

உள்ளே யாரோ கேட்டுக்கொண்டிருந்ததுபோல் நின்றது.

பின்னால் தண்ணீர் சொட்டுவதும் நின்றது. அவர் திரும்பினார். படிகளை நோக்கி ஓர் அடி வைத்தார். சுவர் பெருமூச்சு விட்டது.

இருட்டு.

வாயில் மண். இடது கை இல்லை, இருந்தது, அசையவில்லை. நெஞ்சின் மேல் ஏதோ உட்கார்ந்திருந்தது. ஹெல்மெட்டின் விளிம்பு எதிலோ முட்டி, முகத்துக்கு முன்னால் ஒரு சாண் இடம். ஒரு சாண் காற்று. அதில் டீசல்.

கத்தினார். சத்தம் அந்த ஒரு சாணிலேயே நின்றது.

பார்த்திருப்பார்கள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டுதானே நின்றார்கள். வருவார்கள்.

கழுத்தருகே வாக்கி டாக்கி கரகரத்தது. மேனேஜர். "மண் சார், வாங்க வாங்க. ஏறிட்டீங்களா?"

வலது கையை இழுத்தார். பொத்தானைத் தேடினார். அழுத்தினார். வாயைத் திறந்தார். மண் உள்ளே போனது.

பதில் வந்தது. வாக்கி டாக்கியிலிருந்து. அவருடைய குரலில்.

"ஏறிட்டேன், ஏறிட்டேன். எங்க சார் நம்ம ஷீல்டு?"

சிரிப்பு. கைதட்டல். சேர்மன் பூமியின் மொழியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். மறுபடி கைதட்டல்.

மண் சார் விரல்களை நகர்த்தினார். குழாய். அதன் பக்கத்தில் இன்னொன்று, கைக்கு அடக்கமாக. ஒரு ஸ்பேனர். பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. பிடித்தார். தட்டினார். கணக்கில்லாமல், வெறிபிடித்தவர் மாதிரி, தட்டித் தட்டித் தட்டி.

வாக்கி டாக்கியில் மெஷின்காரரின் குரல். தூரத்தில். "சார், மறுபடி தட்டுது சார். இப்ப முன்ன மாதிரி இல்ல. அவசரமாத் தட்டுது. ஒரு தடவை தோண்டிப் பார்த்துடலாமா?"

தோண்டுங்கள். தோண்டுங்கள் அய்யா. உங்கள் காலில் விழுகிறேன்.

"மண்ணு உட்காருது," என்றது அவருடைய குரல், பொறுமையாக, வகுப்பெடுக்கும் தொனியில். "சரிஞ்ச மண்ணு தன்னோட வெயிட்ல உட்காரும்போது இப்படித்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவா?"

"நீங்க சொன்னா சரி சார்."

மேலே, மிக மேலே, லாரியின் உருளை சுற்றத் தொடங்கியது.

அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. ஈரமான கை. அது அவசரப்படவில்லை. ஸ்பேனரைப் பிடித்திருந்த அவருடைய விரல்களின் மேல் படிந்து, நடுக்கம் அடங்கும்வரை இறுக்கிப் பிடித்தது.

காதருகே, மூச்சு இல்லாமல், பழைய மரியாதை கொஞ்சமும் குறையாமல் ஒரு குரல்.

"தண்ணி கலங்கலா வருது சார்."

பிறகு அந்தக் கை அவருடைய கையைத் தூக்கிக் குழாயில் தட்டிக் காட்டியது.

மூன்று. நிறுத்தம்.

மூன்று.