மூன்றாவது புள்ளி

திரையில் மூன்று புள்ளிகள் இருந்தன. இயற்பியல் டீச்சர் வைத்தது இரண்டுதான்.

ஒரு அறைக்குள் சூடு எப்படிப் பரவுகிறது என்பதைப் பதினோராம் வகுப்புக்குக் கணினியில் ஓட்டிக் காட்டுவதற்காக, இதே ஆய்வுக்கூடத்தை டேப் பிடித்து அளந்து, ஆறு மேசை, ஒரு அலமாரி, ஒரு கதவு என்று அப்படியே திரைக்குள் வரைந்திருந்தாள். உடல்சூட்டுக்கு இரண்டு சிவப்புப் புள்ளிகள்: முன் மேசையில் அவள், கடைசி மேசையில் வீட்டுப்பாடம் எழுதும் அவளுடைய மகள். பிற்பகல்தான், ஆனால் ஒளிச் சோதனைக்காக ஜன்னல்களில் கட்டிய கறுப்புத் துணியை யாரும் அவிழ்க்காததால், ஸ்பிரிட் வாடையோடு ஒற்றை டியூப்லைட்டின் ரீங்காரம் மட்டும் அறையில் நிறைந்திருந்தது.

அலமாரியருகே நீலமாக ஒன்று. சுற்றியிருந்த சூடெல்லாம் மெல்ல அதற்குள் வடிந்துகொண்டிருந்தது.

எங்கோ எண்ணைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று வரி வரியாகப் பார்த்தாள். தப்பில்லை. அந்தக் கணினிக்குக் கேமராகூடக் கிடையாது. அவள் சொன்னதைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. முதலிலிருந்து ஓட்டினாள்.

நீலம் இப்போது நான்காவது மேசையருகே இருந்தது.

"அம்மா, ஃபேனை நிறுத்தேன். குளிருது."

"ஃபேன் ஓடலயே கண்ணு."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. திரும்பினாள். மகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூல் காலி.

மறுபடி ஓட்டினாள். நீலம் கடைசி மேசைக்குப் போய்விட்டது. மகளின் சிவப்பை ஒட்டி நின்றது. சிவப்பு மங்கியது. ஆரஞ்சு. வெளிர்மஞ்சள்.

"பையை எடு. கிளம்பலாம்."

"இன்னும் ரெண்டு கணக்குதாம்மா."

"எடுன்னு சொல்றேன்ல."

கரண்ட் போயிற்று.

கும்மிருட்டு. ஸ்டூல் ஒன்று உருண்டது. ஓடினாள். மேசை விளிம்பு இடுப்பில் இடித்தது. கையை நீட்டினாள். ஒரு சின்னக் கை வந்து பற்றிக்கொண்டது. இழுத்துக்கொண்டு கதவைத் தள்ளி வராந்தாவுக்கு வந்து விழுந்தாள். வெயில். கண் கூசியது. கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

"ஒண்ணுமில்லடா, வந்துட்டோம்" என்றாள்.

உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அம்மா, எங்க போன? இருட்டா இருக்கும்மா."

மகளின் குரல்.

அவள் கீழே பார்க்கவில்லை. கைக்குள் இருந்த விரல்கள், ஒவ்வொன்றாக, அவள் விரல்களுக்கு இடையே நுழைந்து இறுகின.