இரண்டு கையெழுத்து

கூட்டுப் பிட்காயின் வாலட்டிலிருந்து ஒரு சின்னப் பரிமாற்றம் போயிருந்தது. இருதய அருண் அதை அனுப்பவில்லை.

2015 ஜூலை, ஞாயிறு மதியம். திண்டிவனத்து மாடி அறையில், இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறி இரைந்துகொண்டிருக்க, பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கும் வாசனை சன்னல் வழியாக ஏறிவர, அவன் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிட்காயின் அவனுக்குப் பொழுதுபோக்கு. உலகத்துப் பரிமாற்றங்களின் முழு நகலையும் சேமித்து வைக்கும் நோடு ஒன்றை வீட்டிலேயே ஓட்டுவதில் ஒரு பெருமை.

அந்த வாலட்டை அவனும் மச்சான் தொம்மையும் சேர்ந்து தொடங்கினார்கள். இருவரின் ரகசியச் சாவியாலும் கையெழுத்து விழுந்தால்தான் எதுவும் நகரும். அதிலுள்ளதை விற்கலாம் என்றான் அருண். தொம்மை கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அவன் செத்து இன்றோடு ஒரு வருஷம். சாவியும் அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது. விழுப்புரத்தில் வருஷப் பூசை என்று மனைவி டயானா காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள், அண்ணனுக்காக. அருண் தலைவலி என்று படுத்துக்கொண்டான். போக முகம் வேண்டுமே.

பரிமாற்றத்தோடு சில வார்த்தைகளை ஒட்டி அனுப்ப முடியும். ஏறிவிட்டால் அழிக்க முடியாது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான நோடுகளில் அப்படியே நிற்கும். இதிலும் ஒட்டியிருந்தது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

மாப்ள, கதவு தொறக்கல.

வைரஸாக இருக்கும் என்று துழாவினான். ஒன்றும் கிடைக்கவில்லை. இணையக் கம்பியைப் பிடுங்கி எறிந்தான். விழுப்புரத்தில் தொம்மை செத்துக்கிடந்த பின்னறை கண்முன் வந்தது. கரண்ட் போனால் நோடு நின்றுவிடுமே என்று, மழையில் நனையாதிருக்க ஜெனரேட்டரை அறைக்குள்ளேயே வைத்து ஓட்டுவது தொம்மையின் மடத்தனம். புகை கொன்றுவிட்டது. அந்த நேரம் விக்கிரவாண்டிக்குப் பெட்ரோல் வாங்கப் போயிருந்ததாக அருண் எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள்.

கருவாட்டு வாசனை நின்றுவிட்டது. வேறு வாசனை. பெட்ரோல் புகை.

பத்து நிமிஷம் கழித்து, கம்பியே இல்லாத பெட்டியில், இரண்டாவது வந்தது.

நீ விக்கிரவாண்டி போகல. வெளிய நின்னுக்கினு இருந்த.

தொண்டை எரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. செல்போன் அடித்தது. டயானா. இடது கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

பூசை முடிந்ததாம். அவன் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டபடியே இருந்தார்களாம். அப்புறம் அவள் குரல் இறங்கியது.

"நீங்க கத்துக்குடுத்தீங்களே, செல்லுல வாலட்ட பாக்குறதுக்கு. பாத்துக்கினுதான் இருக்கேன். இத நீங்களா எழுதுறீங்க?"

இல்லை என்றான்.

"ரெண்டு கையெழுத்து இல்லாம ஒண்ணும் போவாதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஒண்ணு எங்கண்ணன்துன்னே வெச்சிக்கலாம். இன்னொண்ணு யாருது?"

அருண் குனிந்து பார்த்தான்.

வலது கை விசைப்பலகையின் மேல் இருந்தது. எப்போது போனது? தெரியவில்லை. கையெழுத்துக்கான அவனுடைய கடவுச்சொல்லை அடித்துக்கொண்டிருந்தது. பிழையில்லாமல். மெதுவாக.

போனைப் போட்டுவிட்டு இடது கையால் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மேலே வேறு கை. கண்ணுக்குத் தெரியவில்லை. கனம் தெரிந்தது. குளிர்ச்சி. விரலுக்கு மேல் விரல்.

கத்த வாயைத் திறந்தான். காற்று இல்லை.

மூன்றாவது போனது. கீழே கிடந்த போனில் டயானா எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"டயானா... ஒங்கண்ணன் கதவத் தட்டிக்கினே இருந்தான்... தாப்பாளப் போட்டது நான்தான்... தட்டுறது நிக்கிற வரைக்கும் நின்னு கேட்டேன்..."

அவள் போனை வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் சொந்தக்காரர்களின் பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

அடியில் அவன் பெயரைப் போட்டு முடித்த வலது கை, அடுத்ததை அடிக்கத் தொடங்கியது.