சூடு போற பக்கம்

ஹீட்டர் எரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சு. அதுதான் அவளுக்குப் புரியவே இல்ல. உள்ள இருக்கிற கம்பி ரெண்டும் ஆரஞ்சு நிறத்துல தகதகன்னு இருக்கு, அந்த வெளிச்சம் கட்டிலோட இரும்புக் கால்மேல விழுந்து மினுங்குது, தூசி கருகுற வாசனைகூட லேசா வருது. ஆனா கையைக் கொண்டுபோய் அதுக்கு முன்னாடி நீட்டினா, ஃபிரிட்ஜுக்குள்ள விட்ட மாதிரி சில்லுன்னு இருக்கு.

"அக்கா, தொடாத, சுடும்." போர்வைக்குள்ளேர்ந்து தங்கச்சி.

"சுட்டாத்தான் தேவலையே. நீ பேசாம படு."

தங்கச்சிக்கு ஆறு வயசு. அவ மூச்சு விட்டா நெஞ்சுக்குள்ள குருகுருன்னு சத்தம் வரும், அதனால வீட்ல எல்லாரும் அவளைப் புறான்னுதான் கூப்பிடுவாங்க. இந்தக் குளிர்காலத்துல அந்தக் குருகுரு ஜாஸ்தியாகி, ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் மாட்டி, பொழச்சு வந்ததே பெரிய விஷயம். அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "மருந்து பாதி, சூடு பாதி. இன்னொரு தடவை நெஞ்சுல குளிர் ஏறினா என்கிட்ட கொண்டுவராதீங்க, எனக்குப் பார்க்க தைரியம் இல்ல."

அம்மா ஒரு லாட்ஜ்ல படுக்கைத் துணி துவைக்கிற வேலை. அப்பா கிடங்குல மூட்டை இறக்குற வேலை. ரெண்டு பேரும் இருட்டினப்புறம்தான் வருவாங்க. அதுவரைக்கும் புறாவைச் சூடா வெச்சிருக்க வேண்டியது பதினாறு வயசு அக்காவோட பொறுப்பு. சூடா வெச்சிருக்கன்னு வீட்டுல இருந்தது இந்த ஒரு ரூம், இந்த ஒரு ஹீட்டர்.

அவ அப்பாகிட்ட சொன்னா. அப்பா வீட்டு ஓனருக்கு போன் போட்டாரு. "ஆமா சார்... சரிங்க சார்... உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப சார்..."

"எத்தனை சார்ப்பா! வாடகை குடுக்கிறது நாம. அந்த ஆள்தான் உன்னை சார்னு கூப்பிடணும்."

"வேற வீடு கிடைக்காதும்மா."

"இது வீடா? ஐஸ்பெட்டிக்கு ஜன்னல் வெச்ச மாதிரி இருக்கு."

"ஏய் சிடுமூஞ்சி, வாயை மூடு," அடுப்படியிலேர்ந்து அம்மா. "அவர் காதுல விழுந்தா நம்ம சாமான் ரோட்டுல கிடக்கும்."

யாரும் இல்லாத நேரமாப் பார்த்து அவளே ஓனருக்கு போன் அடிச்சா.

"ஹீட்டர்ல லைட் எரியுதா?" அந்த ஆள் எதையோ மென்னுகிட்டே கேட்டாரு.

"எரியுது. ஆனா சூடு..."

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"அப்ப நீங்க வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. பாய் நான் தர்றேன்."

அந்தப் பக்கம் மெல்லுற சத்தம் நின்னுச்சு. அதுக்கப்புறம் அவர் கேட்டது அவளுக்கு விசித்திரமா இருந்துச்சு. "அந்த ரூம்ல யாரு படுக்கிறது? சின்னக் குழந்தையா?"

மறுநாளே எலெக்ட்ரீஷியன் வந்துட்டான்.

தலையைச் சுத்தி மஃப்ளர், கையில கனமான உறை, தோள்ல பை, கக்கத்துல அட்டைப்பெட்டி. ரூம் வாசல்ல நின்னு முதல்ல சுவரைத்தான் பார்த்தான். உள்ள வர்றதுக்கு முன்னாடி மூச்சை அடக்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

"பாப்பா, கொஞ்சம் தள்ளிக்க."

"பாப்பா அங்க கட்டில்ல இருக்கு. நான் பாப்பா இல்ல."

அவன் சிரிக்கல. பழைய ஹீட்டரோட மூடி மேலேயே புதுசை வெச்சு, நீளமான ஸ்க்ரூவைப் போட்டு முறுக்க ஆரம்பிச்சான்.

"அண்ணே, பழசைக் கழட்டலையா?"

"கழட்ட வேணாம்னு ஓனர் சொல்லியிருக்காரு."

"ஏன், கழட்டினா கை தேஞ்சுடுமா?"

"மேல மேல போட்டாத்தான் கொஞ்ச நாள் தாங்கும்." அவ கண்ணைப் பார்க்காமலே சொன்னான். ப்ளக்கைச் சொருகினான். கம்பி சிவந்துச்சு. பையைத் தூக்கிட்டு வாசலுக்குப் போனவன் திரும்பி, "கட்டிலை எதிர்ச் சுவர் பக்கம் போட்டுக்க," அப்படின்னு மட்டும் சொல்லிட்டுப் படியில தடதடன்னு இறங்கிப் போயிட்டான். ஒரு வாய் தண்ணிகூடக் கேக்கல.

அவன் போனப்புறம்தான் அவ பக்கவாட்டுல நின்னு பார்த்தா. ஹீட்டர் சுவர்லேர்ந்து ஒரு முழம் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. புதுசுக்குப் பின்னாடி பழசு. பழசுக்குப் பின்னாடி அதைவிடப் பழசு, மஞ்சளா. அதுக்கும் பின்னாடி துருப் பிடிச்ச இன்னொண்ணு. இதுக்கு முன்னாடி இந்த வீட்ல இருந்தவங்க எல்லாரும் குளிருதுன்னு அழுதிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஓனர் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி ஏமாத்தியிருக்கான். அவளுக்குக் காதெல்லாம் கொதிச்சுச்சு.

அன்னைக்கு சாயங்காலம் ரூம் நல்லா வெதுவெதுன்னு இருந்துச்சு. புறா போர்வையைத் தள்ளிட்டு உக்காந்து படம் வரைஞ்சா. அம்மா வந்து கன்னத்துல கையை வெச்சுப் பார்த்துட்டு, "பாரு, எவ்ளோ நல்லவரு. நீ வீணா அவரைத் திட்டின," அப்படின்னாங்க.

ரெண்டு மூணு நாள் போச்சு. வெதுவெதுப்பு முதல்ல ரூம் மூலையிலேர்ந்து போச்சு, அப்புறம் தரையிலேர்ந்து, அப்புறம் படுக்கையிலேர்ந்து. கம்பி மட்டும் அதே மாதிரி சிவப்பா. கட்டிலை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டா. ரெண்டு போர்வையை ஒண்ணா சேர்த்துப் போத்தினா. வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் புறா காலடியில வெச்சா, அடுப்படிக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள அது கிணத்துத் தண்ணி மாதிரி ஆயிருந்துச்சு. தெர்மாமீட்டரை வெச்சுப் பார்த்தா காய்ச்சல் இல்ல. காய்ச்சலுக்கு நேர் எதிரா, கோடு எவ்ளோ கீழ இருக்கக் கூடாதோ அவ்ளோ கீழ இருந்துச்சு. அப்பா அதை உதறிப் பார்த்துட்டு, "கெட்டுப் போச்சு போல," அப்படின்னாரு.

இந்த வீட்ல கெட்டுப் போனது தெர்மாமீட்டரா?

அப்புறம் அந்தச் சத்தம். வீடு அமைதியா இருக்கும்போது, தெருவுல வண்டி எதுவும் போகாதப்ப, ஹீட்டர் பக்கம் காதைக் குடுத்தாக் கேக்கும். யாரோ ஆறாத காபியை உதட்டுல வெச்சு, ஆசையா, மெதுவா உறிஞ்சுற மாதிரி.

அது ஒரு சாயங்காலம். மருந்துக் கடைக்குப் போய்ட்டு வந்து புறா கையைப் பிடிச்சுப் பார்த்தா. குளிர் காலத்துல வெளிய கிடந்த ஸ்பூனைத் தொட்ட மாதிரி இருந்துச்சு அந்தக் கை. உதடு லேசா நீலம். நெஞ்சுல குருகுரு சத்தமே இல்ல. அந்தச் சத்தம் இல்லாததுதான் அவளை ரொம்பப் பயமுறுத்துச்சு.

அம்மாவுக்கு போன் போட்டா.

"பஸ்ஸுக்கு நிக்கிறேன்டி, கூட்டமா இருக்கு. அவளை ஹால்ல போட்டுடாத. ஹீட்டர்கிட்டயே படுக்க வை. தோ வந்துடறேன்."

அப்பாவுக்குப் போட்டா எடுக்கல. ஓனருக்குப் போட்டா. அடிச்சுது, அடிச்சுது, வெட்டி விட்டாரு. மறுபடி போட்டா ஸ்விட்ச் ஆஃப்.

பயம்லாம் அப்ப இல்ல. கோபம்தான். தலைக்கு மேல ஏறின கோபம். விஷயம் அவளுக்கு வெட்டவெளிச்சமாத் தெரிஞ்சுது: புதுசுலேர்ந்து வர்ற சூட்டை எல்லாம் பின்னாடி இருக்கிற அந்தப் பழைய தகரக் குப்பைதான் இழுத்துக்குது. குப்பையைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசை நேரா சுவர்ல சாய்ச்சு வெச்சா ரூம் சூடாயிடும். போட்டோ எடுத்து வெச்சா அந்த ஆள் மூஞ்சில விட்டெறியலாம்.

ப்ளக்கைப் பிடுங்கினா. அப்பாவோட ஸ்க்ரூட்ரைவரை எடுத்தா.

புதுசு சுலபமா வந்துடுச்சு. தூக்கித் தரையில வெச்சா. அடுத்ததுல ரெண்டு ஸ்க்ரூ துருவேறி இருந்துச்சு, கத்தியை விட்டு நெம்பினா, நகம் பேந்துச்சு, அதுவும் வந்துச்சு. அதோட முதுகுல வொயரே இல்ல. வெட்டி, டேப் சுத்தியிருந்தாங்க. மஞ்சளைக் கழட்டினா. உள்ள கடைசியா இருந்தது துருத் தகடு. ஒவ்வொண்ணு வரும்போதும் ரூம் இன்னும் கொஞ்சம் குளிர்ந்துச்சு. அவளுக்கு வேர்த்துக்கிட்டு இருந்ததால அது தெரியல.

"அக்கா," புறா ரொம்ப மெல்லிசான குரல்ல. "அதை மூடு."

"ஒரே நிமிஷம்டா செல்லம்."

துருத் தகடு கையோட வந்துடுச்சு.

பின்னாடி ஒண்ணும் இல்ல. ஓட்டை இல்ல, வொயர் இல்ல. சாதா சுவர். வெள்ளை அடிக்காத, சாம்பல் நிறச் சுவர். அவ்ளோதான்.

உறிஞ்சுற சத்தம் நின்னுடுச்சு.

அப்புறம் ஒரு பெரிய, நீளமான மூச்சு. உள்ள இழுக்கிற மூச்சு.

ஜன்னல் கண்ணாடி பூராவும் படக்குன்னு வெள்ளையாச்சு. மூலையில ஒரு வாளியில இருந்த தண்ணி உறைஞ்சு நொறநொறன்னு சத்தம் போட்டுச்சு. அவ வாயிலேர்ந்து புகையா மூச்சு வந்துச்சு, குளிர்ல எல்லாருக்கும் வர்ற மாதிரிதான். ஆனா அது மேல போகல. பக்கவாட்டுல போச்சு. நூல் பிடிச்ச மாதிரி நேரா அந்தச் சுவருக்கு.

திரும்பிப் பார்த்தா. புறா வாயிலேர்ந்தும் ஒரு வெள்ளை நூல். மெல்லிசா. விடாம. மூச்சை உள்ள இழுக்கும்போதுகூட அது வெளியதான் போய்க்கிட்டு இருந்துச்சு.

வாரித் தூக்கிட்டு ஹாலுக்கு ஓடினா. நூல் அறுந்து போகல. கதவைச் சாத்தினா. கதவோட அடியில நுழைஞ்சு போச்சு. வாசக் கதவைத் திறந்து படிக்கட்டுல நின்னா. வெளிக்காத்து முகத்துல அறையுது, அந்தக் காத்துக்கும் நூல் அசையல. வளைஞ்சு, ஹாலைத் தாண்டி, அந்த ரூமுக்கு. புறாவோட தலை அவ தோள்ல கல்லு மாதிரி கனத்துச்சு.

"விடுறா அவளை!"

யாரைப் பார்த்துக் கத்துறோம்னு அவளுக்கே தெரியல. தொண்டை கிழியுற மாதிரி கத்தினா. அந்தக் கத்தலோட கொத்தா, அடர்த்தியா ஒரு வெள்ளைப் புகை அவ வாயிலேர்ந்து கிளம்பி உள்ள பாய்ஞ்சுது. ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்குப் புறாவோட நூல் அறுந்துச்சு. நெஞ்சு ஒரு தடவை குருகுருன்னுச்சு.

அதுக்கு எந்தச் சூடு பிடிக்கும்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

புறாவை ஹால்ல எல்லாத் துணியையும் போட்டுப் பொதிஞ்சு படுக்க வெச்சா. ரூமுக்குத் திரும்பி வந்தா. ரெண்டு உள்ளங்கையையும் அந்தச் சாம்பல் சுவர்ல அழுத்தி வெச்சா. சுவர் மெத்துன்னு இருந்துச்சு.

"டேய் ஓனர், நீ நாசமாப் போவ. தெரிஞ்சே வாடகைக்கு விட்டியே. சின்னக் குழந்தையான்னு கேட்டியே, எதுக்குடா கேட்ட?" புகை. கொத்துக் கொத்தா. "மஃப்ளர் நாயே, தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம ஓடினியே. அப்பா, உன்னோட சாரைத் தூக்கிக் குப்பையில போடு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ கத்தியிருந்தா..." சுவர் குடிச்சுது. விரல் மரத்துப் போச்சு. மணிக்கட்டு. முழங்கை. திரும்பிக் கதவு வழியாப் பார்த்தா, துணி மூட்டைக்குள்ள புறாவோட கன்னம் சிவந்துகிட்டு வருது. தூங்குறா. வாய்ல நூல் இல்ல.

திட்டினா. டாக்டரைத் திட்டினா. வராத பஸ்ஸைத் திட்டினா. கூட்டத்தைத் திட்டினா. குளிரைத் திட்டினா. கிளாஸ்ல அவளைப் பார்த்துச் சிரிச்சவளுங்க ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லித் திட்டினா. அம்மாவைக்கூடத் திட்டினா. குரல் தேஞ்சுகிட்டே வந்துச்சு. கையை எடுக்கப் பார்த்தா. வரல.

இன்னும் யாரு? யோசி.

ஓனர். மறுபடியும் ஓனர். ஆனா அந்த ஆளோட குரல் எப்படி இருக்கும்னு சட்டுன்னு ஞாபகம் வரல. எதுக்கு அவ்ளோ கோபம்? என்ன பண்ணினாரு? ஹீட்டர்... என்னமோ ஹீட்டர். உடம்புக்குள்ள எல்லாமே ஆறிப் போய், தூக்கம் வர்ற மாதிரி, ரொம்ப சமாதானமா இருந்துச்சு. அவ வாயிலேர்ந்து வர்ற புகை மெலிஞ்சு, மெலிஞ்சு, நின்னு போச்சு.

ஹால்ல புறா தூக்கத்துல புரண்டு படுத்தா. அவ உதட்டுலேர்ந்து ஒரு வெள்ளை நூல் மெல்லத் தலையைத் தூக்கி, இந்தப் பக்கமாத் திரும்புச்சு.