ஒத்திகையில் செத்தவர்

"வீட்ஸ்கே! நான் செத்துட்டேனாம்!"

போனில் அலறினார் ஃபோல்கெர்ட் ஹாவர்காம்ப்.

திங்கள் காலை. க்ரோனிங்கன் நகரத்து மழையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த வீட்ஸ்கே சடாரென்று பிரேக் பிடித்தாள். பின்னால் வந்தவர் திட்டிக்கொண்டே விலகிப் போனார்.

"யாரு சொன்னா?"

"நம்ம வெப்சைட்டே சொல்லுது!"

ஃபோல்கெர்ட் இறுதிச்சடங்கு நிறுவனம் நடத்துகிறவர். ஊரில் யார் கண்ணை மூடினாலும் அறிவிப்பு அவருடைய வெப்சைட்டில் வரும். அந்த வெப்சைட்டைக் கட்டி மேய்ப்பவள் வீட்ஸ்கே.

"போட்டோவோட போட்டிருக்கு! 'குடும்பத்தார் மத்தியில் அமைதியாக உயிர் பிரிந்தது'ன்னு! எங்க வீட்ல என்னைக்கு அமைதி இருந்தது?"

"ஃபோல்கெர்ட், கொஞ்சம்..."

"ஸ்கேட்டிங் கிளப்ல என் லாக்கரை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க! பக்கத்து வீட்டுக்காரன், கார் ஷெட்டு எப்ப காலியாகும்னு என் பொண்டாட்டிகிட்டயே கேக்கறான்! போலீஸ் வந்தாச்சு. இது கொலை மிரட்டல்! செஞ்சது நீதான்னா... இன்னைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய உன் நிரந்தர வேலை ஒப்பந்தம்... சுக்குநூறு!"

கட்!

வீட்ஸ்கேவுக்கு வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தற்காலிக ஒப்பந்தம்தான். நிரந்தரம் என்று கையெழுத்து விழுந்தால்தான் வங்கி வீட்டுக்கடன் கொடுக்கும். இல்லையென்றால் மகளோடு அக்கா வீட்டு மாடி அறையிலேயே காலம் தள்ள வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருந்தது.

அந்த மரண அறிவிப்பை எழுதியது... அவளேதான்!

ஆபீஸில் இன்ஸ்பெக்டர் டைக்கெமா, மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு காபி. பக்கத்தில் ஒரே ஒரு பிஸ்கட். இரண்டாவது பிஸ்கட் கொடுக்கும் பழக்கம் ஃபோல்கெர்டுக்கு உயிரோடு இருக்கும்போதே கிடையாது.

"நீங்களா எழுதினீங்க?"

"ஆமா சார்."

"பார்த்தீங்களா! ஒத்துக்கிட்டா!" ஃபோல்கெர்ட் குதித்தார்.

"ஆனா ஊர் பார்க்கறதுக்காக எழுதல. ஒரே வெப்சைட்டை மூணு இடத்துல வெச்சிருக்கோம் சார். ஒண்ணு என் கம்ப்யூட்டர்ல. அதை உடைப்பேன், ஒட்டுவேன். ரெண்டாவது ஒத்திகை சைட்டு. ஸ்டேஜிங்னு சொல்வோம். ஆபீஸ் ஆளுங்க மட்டும் பார்ப்பாங்க. மூணாவதுதான் ஊரே பார்க்கறது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி செட்டிங். எந்த டிசைன்ல வரணும், எந்த டேட்டாபேஸ்ல இருக்கற பேரைக் காட்டணும்னு அதுதான் சொல்லும்."

"ஒத்திகைல என்னை எதுக்குக் கொன்ன?"

"வாடிக்கையாளர் பேரை வெச்சு சோதிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதனால ஆபீஸ்ல இருக்கற எல்லாரையும் சாகடிச்சேன். கெர்டின் பல தடவை செத்திருக்கா."

"போன வாரம்கூட செத்தேன்," என்றாள் வரவேற்பு மேஜை கெர்டின், பெருமையாக.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். "கீழே இரங்கல் செய்தி வேற இருக்கே... 'அப்பாடா!'... 'நாளைக்கு லீவா?'... 'இனிமே ஹீட்டரைத் தைரியமாப் போடலாம்!'... யாரு எழுதினது?"

கெர்டின் கூரையைப் பார்த்தாள்.

"இரங்கல் பெட்டி வேலை செய்யுதான்னு எல்லாரும் சோதிச்சோம் சார். நல்லா வேலை செய்யுது," என்றாள் வீட்ஸ்கே.

ஃபோல்கெர்டின் முகம் பீட்ரூட் ஆனது.

"ஒத்திகை செட்டிங்கை யாரோ ஊர் சைட்டுல போட்டிருக்காங்க. அதனாலதான் ஒத்திகைப் பொணமெல்லாம் வெளிய வந்திருக்கு," என்றாள் வீட்ஸ்கே. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாறியிருக்கு."

"அங்கே கை வைக்க யாருக்கு அனுமதி?"

"எனக்கும் ஃபோல்கெர்டுக்கும்."

"நான் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!" ஃபோல்கெர்ட் பாய்ந்தார். "இவதான்!"

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பொண்ணுக்கு நீச்சல் டிப்ளோமா பரீட்சை. குளத்தங்கரையில நின்னு கைதட்டிட்டு இருந்தேன்."

"போன்லேர்ந்தே செஞ்சிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர். "முடியுமா?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் வீட்ஸ்கே இந்நேரம் மேனேஜராகியிருப்பாள்.

"...முடியும்."

"அவ்வளவுதான்! முடிஞ்சுது கதை!" ஃபோல்கெர்ட் மேஜையிலிருந்த ஒப்பந்தத்தை எடுத்து, கிழிப்பதற்கு வாகாகப் பிடித்தார்.

வீட்ஸ்கே திரையை வெறித்தாள். மரண அறிவிப்பு... போட்டோ... பின்னணியில் ஊதா நிறம்...

ஊதா!

ஒத்திகையில் மட்டும் இருந்த புது டிசைன் அது. போன வாரம் அதைப் பார்த்துச் சொக்கிப்போய் 'உடனே வெளியிடு' என்று குதித்தவர் யார்? ஆறு வாரம் ஆகும் என்றதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர் யார்?

நேராகக் கேட்டால் சாதிப்பார். தப்பை ஒத்துக்கொண்ட சரித்திரமே அவருக்குக் கிடையாது. ஆனால் பெருமையடிக்க வாய்ப்புக் கிடைத்தால்?

"கிழிங்க ஃபோல்கெர்ட்," என்றாள் பெருமூச்சோடு. "நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல. இதைச் செஞ்சவன் மேதை!"

கை நின்றது. "மேதையா?"

"பின்ன? அந்த ஊதா டிசைனை ஊர் சைட்டுக்குக் கொண்டு வர நான் ஆறு வாரம் கேட்டேன். இவன் ஒரே சாயங்காலத்துல முடிச்சிருக்கான். தனி ஆளா இருக்காது. பெரிய கும்பல். பத்துப் பேராவது ராப்பகலா..."

"பத்துப் பேரா!" ஃபோல்கெர்ட் கடகடவென்று சிரித்தார். "போம்மா! ஒத்திகை செட்டிங்கை அப்படியே காப்பி எடுத்து இங்க ஒட்டினேன். ரெண்டே நிமிஷம்! பியர் குடிக்கக் கிளம்பறதுக்கு முன்னாடி! நீங்க கம்ப்யூட்டர் ஆளுங்கதான் ஆறு வாரம், எட்டு வாரம்னு கதை விட்டு..."

நின்றார்.

கெர்டின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊதா மட்டும்தான் வரும்னு நினைச்சேன்..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"செட்டிங்கோட டேட்டாபேஸும் வந்துச்சு. டேட்டாபேஸோட நீங்களும் வந்துட்டீங்க," என்றாள் வீட்ஸ்கே.

இன்ஸ்பெக்டர் எழுந்து மழைக்கோட்டின் பட்டனைப் போட்டார்.

"கேஸ் முடிஞ்சுது. கொலை இல்ல மிஸ்டர் ஹாவர்காம்ப்... தற்கொலை!"

அவர் போன பிறகும் கெர்டினின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஃபோல்கெர்ட் கசங்கிய ஒப்பந்தத்தை மேஜையில் வைத்து, உள்ளங்கையால் நீவி, அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

"இந்தா... இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். நிரந்தரம்! இது நம்ம மூணு பேரைத் தாண்டக் கூடாது, என்ன?"

வீட்ஸ்கே அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"பேனாவை மூடுங்க ஃபோல்கெர்ட். மொதல்ல பழைய செட்டிங்கைப் போட்டு உங்களை உயிரோட எழுப்பிட்டு வரேன். செத்தவர் போட்ட கையெழுத்தை வங்கிக்காரன் ஒத்துக்க மாட்டான்!"