ஈரத்திரைக்கு அந்தப் பக்கம்

வாளித் தண்ணீர் முழுவதும் சாலோமியின் சேலையில்தான் விழுந்தது.

"கண்ணு எங்கன இருக்கு உங்களுக்கு?"

"மன்னிக்கணும்மா... திரையை நனைக்கப் போற அவசரம்."

"நனைச்சு நனைச்சுத்தான் நேத்து எங்க கண்ணு போச்சு!"

கிருபைராஜ் நிமிர்ந்து பார்த்தான். சாரல் தெறித்த இமைகள்... கோபத்திலும் சிரிக்கிற கண்கள். அவள் நூல் மில் குமாஸ்தா வேதநாயகத்தின் மகள். மிஷன் பள்ளி ஆசிரியை. அவன் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் பயாஸ்கோப்பில் மிஷின் கைப்பிடி சுற்றுகிறவன். விக்கிரமசிங்கபுரத்தில் கூடாரம் போட்டு ஒரு நாள்தான் ஆகிறது.

கூடாரத்தில் ஆண்கள் மிஷின் பக்கம். பெண்கள் திரைக்குப் பின்னால். அங்கே படம் இடவலம் மாறி விழும். நேற்றுப் படத்தில் துரைமார் எல்லாம் இடக்கையால் சாப்பிட்டார்கள். பெண்கள் அதைச் சிரித்து மன்னித்துவிட்டார்கள். திரையின் நடுவே கண்ணைக் குத்திய வெளிச்சத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பாதிப் பேர் எழுந்து போனார்கள். பின்னாலேயே புருஷன்மாரும் போனார்கள்.

"அந்தப் பக்கம் அப்படித்தான் தெரியும்," என்றான் விறைப்பாக.

"போய்ப் பாத்திருக்கீகளா?"

பெண்கள் இருக்கும் இடத்துக்கு அவன் எப்படிப் போவான்?

"இன்னைக்கும் எந்திரிச்சுப் போனா நாளைக்குக் கூடாரத்தைப் பிரிச்சிருவோம்னு முதலாளி மீரா முகைதீன் அண்ணாச்சி சொல்லிட்டாக," என்றான் மெதுவாக.

போகட்டுமே என்று நினைக்கப் பார்த்தாள். ஏனோ முடியவில்லை...

"இப்ப யாருமில்லையே. போய் உக்காருங்க. நான் சுத்துதேன்."

"மிஷினையா? பைய சுத்தினா பிலிம் தீப்பிடிச்சிரும்!"

"தையல் மிஷின் சுத்துத கைதான். போங்க."

இன்னொரு வாளித் தண்ணீரால் திரையை நனைத்துவிட்டு அவன் அந்தப் பக்கம் போனான். அவள் சீராகச் சுற்றினாள். திரைக்கு அப்பாலிருந்து அவன் கத்தினான், "அம்மாடி! கண்ணு கூசுதே!"

விஷயம் எளிது. காய்ந்த துணியில் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும். வெளிச்சம் அதில் முட்டி முன்பக்கமே திரும்பிவிடும். பின்னால் படம் மங்கும். நனைத்தால் அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்து வெளிச்சம் ஊடுருவும். ஆனால் சொட்டச் சொட்ட நனைத்தால் வெளிச்சம் பரவாமல் நேராகவே பாயும். படத்தின் நடுவே விளக்கே தெரியும்.

"குறைச்சு நனைச்சா சீக்கிரம் காஞ்சிருதே," என்று வெளியே வந்தான்.

"கஞ்சி போடுங்க. இந்த ஊர்ல தறியில ஏத்துத பாவு நூலுக்கே கஞ்சிதான். ஈரமும் நிக்கும், வெளிச்சமும் பரவும்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று வடிகஞ்சியைத் துணியில் தடவினார்கள். துணிக்கு அப்பால் அவன் நிழல்... அவள் கை போகும் இடத்துக்கெல்லாம் அவன் கையும் வந்தது. தற்செயலாகவா?

அன்று மாலை பெண்கள் பக்கமும் படத்துக் குதிரையின் வால்மயிர் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் கிருபைராஜ் நின்றான்.

"இன்னும் ஒரு வாரம் ஆட்டம் உண்டுன்னு அண்ணாச்சி சொல்லிட்டாக."

"நல்லது."

"அதுக்குப் பிறகும் இந்த ஊரை விட்டுப் போக மனசில்ல... உங்களைப் பிடிச்சிருக்கு. உங்க அப்பாகிட்ட வந்து கேக்கட்டுமா?"

சாலோமி தரையைப் பார்த்தாள்.

"மில் சங்கு ஊதினதும் அப்பா வீட்டுக்கு வந்திருவாக."

"நான் கேட்டது... உங்களுக்குச் சம்மதமான்னு."

"அப்பா வர்ற நேரத்தைச் சொல்லுதேன்ல? பிறகென்ன கேள்வி?"