குமிழி நின்ற பிறகு

மீன்தொட்டியின் விளக்கு அணைந்தது, குமிழி நின்றது, ஆனால் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பட்டறைக்காரர் கட்டிலில் அசையாமல் கிடந்தபடி காதைத் தீட்டிக்கொண்டார். பக்கவாதம் மற்றதையெல்லாம் வாரிக்கொண்டு போனபின் அவரிடம் மிஞ்சியது காதும் கண்ணும்தான். ஒரு முறை கண்ணை மூடினால் ‘ஆமாம்’, இரண்டு முறை மூடினால் ‘இல்லை’. இந்த வீட்டில் அவருடைய பேச்சு அவ்வளவுதான்.

தொட்டிக்கு வேண்டியதை அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று மனைவி கடையிலிருந்து போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். படுக்கையில் விழுந்த பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அன்று சந்தோஷத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வடிகட்டிக்கு ஒரு முறை மூடினார். மதியம் விளக்கையும் வாயுவையும் சேர்த்து அடைத்து, மாலையில் தானே திறந்துவிடும் டைமருக்கும் ஒரு முறை. செடி வளரக் கரியமில வாயு வேண்டும், அதற்குச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலே போதும் என்றார் கடைக்காரர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று மனைவியும் சிரித்தாள். பட்டறைக்காரர் விடவில்லை. காலமெல்லாம் வெல்டிங் சிலிண்டரோடு குடித்தனம் நடத்திய மனிதருக்குச் சர்க்கரைப் பாட்டிலா? கடையில் உள்ளதிலேயே பெரிய சிலிண்டர் திரையில் வந்து நின்றது.

“இதுதானே வேணும்?”

ஒரு முறை மூடினார்.

காலையில் மச்சினன் வந்து எல்லாவற்றையும் மாட்டினான். முடித்தபோது மேசைமேல் வெள்ளை வாஷர் ஒன்று கிடந்தது. உபரி போல என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வாயு கசியாமலிருக்க சிலிண்டர் கழுத்தில் இருக்கவேண்டிய வாஷர் அது. இவர் இரண்டிரண்டாகக் கண்ணை மூடிக்கொண்டே இருந்ததை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

குமிழிச் சத்தத்தில் அமுங்கியிருந்தது இப்போது தனியாகக் கேட்டது. ஏசியின் முனகலுக்கு அடியில், பல்லிடுக்கில் மூச்சுவிடுவதுபோல, மெல்லிய, அவசரமே இல்லாத ஸ்ஸ். ஜன்னல் சாத்தியிருந்தது. குளிர் வெளியே போகாமல் கதவிடுக்கில் மிதியடியைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனம். முதலில் தரையைத்தான் நிரப்பும். தரையில், பாயில், மனைவியும் பேத்தியும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள்.

பேத்தியின் மூச்சு வேகமெடுத்தது, ஓடிவந்து நின்ற பிள்ளையின் மூச்சு மாதிரி. பிறகு மனைவியின் மூச்சும்.

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க, தண்ணியா?”

இல்லை.

“குளிருதா?”

இல்லை.

“திரும்பிப் படுக்கணுமா?”

இல்லை. இல்லை. சிலிண்டரா என்று கேளடி. ஒரே ஒரு தடவை கேள்.

அவள் நெற்றியை அழுத்திப் பிடித்தாள். “தலை கல்லாட்டம் கனக்குது. கொஞ்ச நேரம் படுத்துட்டு வந்து கேக்குறேன்.”

போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பாய்க்கே போனாள். பேத்தியை அணைத்துக்கொண்டு படுத்தாள்.

அவர் கத்தினார். உதடுகூட அசையவில்லை.

ஸ்ஸ்.

மூச்சுகள் வேகமாக. இன்னும் வேகமாக.

பிறகு மெதுவாக.

ஒரு மூச்சு. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

ஏசி முனகியது. எப்போதோ ஸ்ஸும் ஓய்ந்தது. சிலிண்டர் காலி. அறையில் ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது. அது கட்டிலின்மேல் இருந்தது.

டக். டைமர். மாலை.

வெள்ளை விளக்கு எரிந்தது. தொட்டிக்குள் பச்சை இலைகள் பளிச்சென்று நிமிர்ந்தன. மீன்கள் நிதானமாக வாயைத் திறந்து மூடின. அவற்றின் நிழல் பாய்வரை நீண்டு, பேத்தியின் திறந்த வாய்மேல் போய்ப்போய் வந்தது.

இதுதானே வேணும்?

பட்டறைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் எரிந்தது, வழிந்தது. மூட அவருக்குத் துணிவில்லை. ஒரு முறை மூடினால் ஆமாம்.