நடுரோட்டில் நின்ற பந்தயக் கார்

அவளுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். ஆனால் ஊர் முழுக்கக் கூப்பிடுவது தாத்தா வைத்த பட்டப்பெயரைத்தான்: ஹாரன்.

பிறந்த அன்று அவள் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது என் பஸ் ஹாரனையே தூக்கிச் சாப்பிட்டுடும்போல இருக்கே!" என்றாராம் தாத்தா. அவர் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஹாரனுக்கு இப்போது பத்து வயது. சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அன்று காலை அவள் சத்தமே போடாமல், அம்மாவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா ஒரு பெரிய நீலத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். மாமாவின் காரை மூடுவதற்கான துணி அது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கார் பந்தய வீரர். எங்கெங்கோ இருக்கிற நாடுகளில் எல்லாம் சின்னப் பிள்ளைகள் அவர் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு பந்தயத்தில் நடந்த விபத்தில் அவர் இறந்துபோனார். அவர் முதன்முதலில் ஜெயித்த காரை, அவருடைய பந்தயக் குழு ஊருக்கே கொடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே மேடை கட்டி, கூரை போட்டு, அதில் காரை நிறுத்தப்போகிறார்கள். அன்று மாலை விழா.

"அப்பா, விழாவுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வந்து நின்னா போதும்" என்றாள் அம்மா தாத்தாவிடம்.

"எனக்கு வேலை இருக்கு" என்றார் வாசலில் இருந்த தாத்தா.

"என்ன வேலை?"

"வேலைன்னா வேலை." ஏற்கெனவே பளபளவென்று இருந்த சைக்கிளை அவர் மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

மாமா இருந்தபோது தாத்தா அவருடைய ஒரு பந்தயத்தைக்கூடப் பார்த்ததில்லை. "புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குடா அவ்வளவு வேகம்? ஒரு பயணியைக்கூட ஏத்தலையே!" என்று கேலி செய்வார். இப்போது அந்தக் கேலியும் இல்லை. டி.வி.யில் மாமாவைக் காட்டினால் எழுந்து வெளியே போய்விடுவார். மகன்மேல் இன்னும் கோபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஹாரனுக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம் வந்தால் தாத்தா கத்துவார். இது கத்தாத வேறு ஏதோ ஒன்று.

"அவர் வரலைன்னா எனக்கு இந்த விழாவே வேண்டாம்டி" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வேகமாகத் தைத்தாள்.

மாலையில் லாரி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடினார்கள். முன்னால் ஓடியது ஹாரன்.

சாய்வான பலகை வழியாகக் காரைப் பத்திரமாக இறக்கினார்கள். சிவப்பு நிறம், தரையோடு தரையாக, மூக்கு நீண்ட கார். எஞ்சினைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆகவே தள்ளித்தான் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். தள்ளினார்கள். கார் கோணலாகப் போய், நடுரோட்டில் குறுக்கே நின்றுவிட்டது.

"உள்ள ஒரு ஆள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கணும்" என்றாள் காரோடு வந்த மெக்கானிக் அக்கா. "மேடை வரைக்கும் இறக்கம் வேற. பிரேக் பிடிக்கலைன்னா நேரா வாய்க்கால்தான். எனக்கு அந்த சீட் பத்தாது. அவர் உடம்புக்கு அளவெடுத்து வார்த்த சீட் அது."

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று ஊர்த் தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். காலை உள்ளே விட்டார். இடுப்பு வரை இறங்கினார். அதோடு சரி. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க தலைவரே!"

"இழுத்துப் பிடிச்சுதான்யா இருக்கேன்!"

இரண்டு பேர் கைகொடுத்து அவரை வெளியே எடுத்தார்கள். அடுத்து ஹாரன் உட்கார்ந்து பார்த்தாள். சீட்டில் அவளைப்போல இன்னொருத்திக்கும் இடமிருந்தது, ஆனால் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. ஒல்லியான லாரி ஓட்டுநர் இருந்தார். அவருக்குக் கால் நீளம், உள்ளே முட்டியை மடக்க இடமில்லை.

அதற்குள் மாலை பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பின்னால் ஒரு டிராக்டர். அதன் பின்னால் ஒரு பால் வண்டி. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். டிராக்டரைக் கட்டி இழுக்கலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். பத்துப் பேர் காரைப் பிடித்தார்கள். "மூக்கைத் தொடாதீங்க, உடைஞ்சிடும்!" என்று மெக்கானிக் அக்கா கெஞ்சினாள்.

ஒல்லியாக இருக்க வேண்டும், உயரம் நடுத்தரமாக இருக்க வேண்டும், வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஹாரனுக்குச் சட்டென்று ஓர் ஆள் ஞாபகத்துக்கு வந்தார். அவள் வீட்டுக்கு ஓடினாள்.

ஓடும்போதே யோசித்தாள். கெஞ்சிப் பயனில்லை, அம்மா காலையிலேயே கெஞ்சிப் பார்த்துவிட்டாள். தாத்தாவால் தாங்க முடியாத விஷயம் எது? கோணலாக நிற்கிற வண்டி. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, வாசலில் இருக்கிற ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்திவிட்டுத்தான் அவர் உள்ளே போவார்.

"தாத்தா, ஒரு வண்டி ரோட்டுக்குக் குறுக்க நிக்குது!"

"யாரோடது?"

பொய் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள். "மாமாவோடது."

தாத்தா சைக்கிள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க ஓட்டின பஸ் போக முடியாம நிக்குது தாத்தா. அதுக்குப் பின்னாடி டிராக்டர் நிக்குது, பால் வண்டி நிக்குது. தலைவர் உள்ள உட்காரப் போயி மாட்டிக்கிட்டார். இப்போ பத்துப் பேர் ஆளுக்கு ஒரு பக்கமா இழுக்குறாங்க."

"ஆளுக்கு ஒரு பக்கமாவா?"

"ஆமாம். டிராக்டரைக் கட்டி இழுக்கலாமான்னு கேக்குறாங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"டிராக்டரைக் கட்டியா? அறிவிருக்கா அவங்களுக்கு?" தாத்தா எழுந்தார். "என் செருப்பு எங்கே?"

பள்ளிக்கூடத்துக்கு வரும்வரை அவர் திட்டிக்கொண்டே வந்தார். காரைப் பார்த்ததும் திட்டு நின்றது. கூட்டம் தானாக வழிவிட்டது. அம்மா கையில் நீலத் துணியோடு அப்படியே நின்றாள்.

தாத்தா யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக, நேராக வைத்தார். மெக்கானிக் அக்கா காட்டியபடி காலை உள்ளே விட்டு மெல்ல இறங்கினார்.

"என்னம்மா இது, சீட்டா கட்டிலா? படுத்துக்கிட்டே ஓட்டணுமா?"

"ஆமாங்க ஐயா. இறுக்குதா?"

தாத்தா தோளை அசைத்துப் பார்த்தார். முதுகைச் சாய்த்தார். "இல்லை" என்றார். "எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு."

எந்த வண்டியில் ஏறினாலும் ஓட்டுநர்கள் முதலில் பக்கத்துக் கண்ணாடியைத் தங்கள் கண்ணுக்குத் தகுந்தபடி திருப்புவார்கள். முன்னால் ஓட்டியவருடைய கண்ணும் நம் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்காது. தாத்தாவும் வழக்கப்படி கண்ணாடிக்குக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. பின்னால் நின்ற கூட்டம் முழுசாக, தெளிவாக அதில் தெரிந்தது. அடுத்த பக்கம் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது.

"இதை யாராவது திருப்பினீங்களா?"

"இல்லைங்க ஐயா" என்றாள் மெக்கானிக் அக்கா. "அவர் வெச்சபடியே இருக்கு. நாங்க யாரும் தொடலை."

தாத்தா கையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தார்.

"பின்னாடி நாலு பேர் போதும். நான் சொல்லும்போது தள்ளுங்க. தலைவரே, நீங்க தள்ளியே நில்லுங்க."

கார் நகர்ந்தது. நடந்து போகிற வேகம்தான். ரோட்டை விட்டு இறங்கி, வாய்க்காலுக்கு ஒரு கை தூரத்தில் வளைந்து, மேடையில் ஏறி, நட்ட நடுவில் நின்றது. பஸ் ஓட்டுநர் எட்டிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எல்லோரும் கைதட்டினார்கள்.

தாத்தா இறங்கவில்லை.

"ஐயா, இறங்குறீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

ஹாரன் கிட்டே போய்ப் பார்த்தாள். தாத்தாவின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன. தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. தாத்தா அழுது அவள் பார்த்ததே இல்லை. இத்தனை பேர் முன்னால் அவர் அழவும் மாட்டார். ஆனால் இப்போது அவர் அழ வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

"அம்மா! துணி!" என்று கத்தினாள் ஹாரன். ஊரே திரும்பிப் பார்த்தது. "விழா ஆரம்பிக்கிற வரைக்கும் காரை யாரும் பார்க்கக் கூடாது! எல்லாரும் நாற்காலிக்குப் போங்க!"

"ஐயா உள்ள இருக்காரேம்மா" என்றார் தலைவர்.

"அவர் பார்த்தா பரவாயில்லை!"

அம்மா மகளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் துணியை விரித்தாள். நீலத் துணி காரையும் தாத்தாவையும் சேர்த்து மூடியது. காற்றுப் போவதற்காக ஹாரன் ஓர் ஓரத்தை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

லாரி ஓட்டுநர் அந்தப் பக்கமாக வந்தார். "உள்ள என்ன பாப்பா சத்தம்?"

"கார் சத்தம்."

"எஞ்சினே இல்லையே!"

"பந்தயக் கார் அண்ணே, அப்படித்தான் இருக்கும்."

அவர் ஹாரனையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து போனார்.

விழா தொடங்கியது. தலைவர் துணியை இழுத்தார். உள்ளே தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. முகம் தெளிந்திருந்தது.

"நீங்க பேசுங்க தலைவரே. நான் இங்கேயே உட்கார்ந்து கேக்குறேன்" என்றார்.

தலைவர் பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார். மாமா ஓட்டிய பந்தயம் ஒவ்வொன்றையும் விவரமாகச் சொன்னார். ஒரு பந்தயத்தில் கொட்டுகிற மழையில் கடைசி ஆளாக இருந்த மாமா, ஒவ்வொரு காராக முந்திக்கொண்டு முதலில் வந்த கதையைச் சொன்னார். பின்வரிசையில் கொட்டாவி தொடங்கியது. ஒரு வழியாகப் பேசி முடித்துவிட்டு, நாற்காலியை நோக்கித் திரும்பினார்.

"தலைவரே" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சொல்லுங்க ஐயா."

"மழையில ஓட்டினான்னு சொன்னீங்களே, அதை எனக்கு யாரும் சொன்னதில்லை." தாத்தா ஸ்டீயரிங்கைத் தடவினார். "இல்லை, நான்தான் சொல்ல விடலை. அதை இன்னொரு தடவை சொல்லுங்க. நிதானமா, முதல்லேருந்து சொல்லுங்க."

தலைவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மழை பிடித்த இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.